பாசியை எந்தப் பெயரில் தேடுவது?

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்து சிறப்பிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, பாம்பனிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பந்தலும் நாற்காலியும் தந்த ஊர் கமிட்டிக்குத் தனியாக ஒரு வணக்கம்.

கல்லூரி நூலகப் பட்டியல், பொது நூலகப் பட்டியல், இணையக் களஞ்சியம் மூன்றையும் ஒப்பிட்டுப் பேச வந்திருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள். நம் பிள்ளைகள் அப்படித்தான் அலைகிறார்கள்.

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடலில் பாசி எடுக்கும் தாயின் மகள் ஒருத்தி, அந்தக் கடற் பாசியைப் பற்றியே ஆய்வு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிக் கணினியில் 'பாசி' என்று தமிழில் தட்டுகிறாள். ஒன்றும் வரவில்லை. தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்களோ என்று பி, ஏ, எஸ், ஐ என்று தட்டுகிறாள். அப்போதும் இல்லை. ஏற்றியவர் எஸ் போடாமல் சி போட்டிருக்கிறார்! கடைசியில் கடற்பாசிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சீவீட்' என்ற சொல்லைத் தட்டியதும் நாலு புத்தகம் வருகிறது. இங்கேதான் கவனிக்க வேண்டும். அதில் ஒரு பதிவைத் திறந்து, அடியில் உள்ள பொருள் தலைப்பை, அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர் குறித்திருக்கும் சொல்லைப் பார்க்கிறாள். 'மெரைன் ஆல்கே' என்று இருக்கிறது. அதைச் சொடுக்கினால் மற்றவையும் வரிசையாக வருகின்றன. புத்தகத்தின் அலமாரி எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பாதிதான் கிடைக்கிறது. காரணம், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டூயி பகுப்பில் பாசிக்கு முன்பு 589.3, 1996-இல் வந்த 21-ஆம் பதிப்பிலிருந்து 579.8. பழைய புத்தகங்களின் முதுகில் எண்ணை மாற்றி ஒட்டாவிட்டால் இரண்டு இடத்திலும் தேடத்தான் வேண்டும்.

பொது நூலகத்தில் கதையே வேறு. பல கிளைகளில், வந்த புத்தகங்களை வரிசையாக எழுதி வைக்கும் சேர்க்கைப் பதிவேடுதான் பட்டியல். புத்தகப் பெயர், ஆசிரியர், எண் இருக்கும். பொருள் தலைப்பு இருக்காது. 'ராமநாதபுரம்', 'இராமநாதபுரம்' இரண்டையும் பாருங்கள். ஆசிரியரை முதலெழுத்தோடும், இல்லாமலும் தேடுங்கள். ஊர் வரலாறும் தமிழ் நூல்களும் இங்கேதான் அதிகம்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடம் 1949 முதல் 1971 வரை நம் மண்டபத்தில் இருந்தது. அதன் கட்டுரைகள் அதன் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கையில் வெண்ணெய் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் பாசி எடுக்கும் அந்தத் தாய் பாசியை 'மெரைன் ஆல்கே' என்றா சொல்கிறாள்? மரிக்கொழுந்துப் பாசி என்கிறாள், அறிவியல் பெயரில் அது ஜெலிடியெல்லா. கஞ்சிப்பாசி என்கிறாள்; அது கிராசிலேரியா. கட்டக்கோரை என்றால் சர்காசம். இந்தச் சொற்கள் இரண்டு பட்டியலிலும் ஏற வேண்டும். கணினிப் பட்டியலில் புத்தக விவரத்தை ஏற்றும் மார்க் (MARC) பதிவில் 653 என்ற புலம் இப்படிப்பட்ட சொற்களுக்காகவே இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு இரண்டு நிமிடம் போதும். நூலக வரி கட்டும் மீனவக் குடும்பங்கள் தங்கள் சொல்லில் தேட உரிமை உடையவர்கள். அலுவலர் அவர்களும் முதல்வர் அவர்களும் இந்த மேடையிலேயே இசைவு தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பாசி, சங்கு, கடல் அட்டை, மீன் எதுவானாலும் உங்கள் ஊரில் வழங்கும் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.