எந்தத் தனிமை? – ஆலோசனைக்கு வருபவருக்கு உதவும் வழி

[திரை: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்]

"தனிமையா இருக்கு" என்று ஒருவர் உங்கள் முன் வந்து உட்கார்கிறார். எந்தத் தனிமை என்று கேளுங்கள். பேசிப் பழக ஆளே இல்லாத நிலையையும், ஆட்கள் சூழ இருந்தும் "எனக்குன்னு யாருமில்லை" என்று வலிப்பதையும் தமிழில் ஒரே சொல்தான் சுமக்கிறது. இந்த வீடியோவில் முன்னதைத் தனிமைப்படல் என்றும், பின்னதைத் தனிமையுணர்வு என்றும் சொல்கிறோம்.

[திரை: இரண்டு கேள்வித்தாள்கள்]

இரண்டையும் முதல் சந்திப்பிலேயே அளந்துவிடலாம். தனிமையுணர்வுக்கு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (லாஸ் ஏஞ்சல்ஸ்) உருவான யுசிஎல்ஏ அளவுகோலின் மூன்று கேள்வி வடிவம் இருக்கிறது. துணையில்லை என்றும், ஒதுக்கப்பட்டதாகவும், பிறரிடமிருந்து துண்டிக்கப்பட்டதாகவும் எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? அரிதாக என்றால் 1, சில நேரம் 2, அடிக்கடி 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தனிமையுணர்வு இருப்பதாகப் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். தனிமைப்படலுக்கு, ஒருவரின் உறவு, நட்பு வட்டத்தை அளக்கும் லுபன் அளவுகோலின் ஆறு கேள்வி வடிவம். உறவினரைப் பற்றி 3, நண்பர்களைப் பற்றி 3. மொத்தம் 30க்கு 12க்குக் கீழே வந்தால் கவனம் தேவை.

கூடவே காது சரியாகக் கேட்கிறதா, அண்மையில் யாரையேனும் இழந்தாரா என்றும் விசாரியுங்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்பதை நேராகவே கேளுங்கள். வீட்டில் யாராவது அவரை வெளியே விடாமல் தடுக்கிறார்களா என்பதையும் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். அப்படியிருந்தால் "நாலு பேரோடு பழகுங்கள்" என்ற அறிவுரை ஆபத்தாகவே முடியும். முதலில் அவருடைய பாதுகாப்பு.

[திரை: அழைப்பு போகும் கைபேசி]

நாலு பேரோடு பழகச் சொல்வது மற்றவர்களுக்கும் பெரும்பாலும் போதாது. மாசி, காச்சியோப்போ முதலான ஆய்வாளர்கள் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழகும் வாய்ப்பைக் கூட்டுவது, பேசும் திறன் கற்பிப்பது ஆகியவற்றைவிட, பிறரைப் பற்றிய தவறான எண்ணங்களைச் சரிசெய்யும் சிகிச்சையே கூடுதல் பலன் தந்திருந்தது. நெடுநாள் தனிமையில் இருப்பவரின் மனம் எங்கே ஒதுக்குவார்களோ என்று எப்போதும் காவல் காக்கிறது. எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும், "என்னோடு பேசப் பிடிக்கவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடும்.

அந்தத் தீர்ப்பை வாதாடி மாற்ற முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். "நான் தொந்தரவு" என்பதைச் சோதிக்க வழியில்லை. "பழைய நண்பரை அழைத்தால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார்" என்பதைச் சோதிக்கலாம். இதை எத்தனை சதவீதம் நம்புகிறார் என்று அழைப்பதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் நண்பர் எத்தனை நிமிடம் பேசினார், என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதட்டும். "எப்படி உணர்ந்தேன்" அடுத்த வரியில். பிறகு மீண்டும் நம்பிக்கைச் சதவீதம்.

இது கெடுவது பெரும்பாலும் முதல் படியைப் பெரிதாக வைப்பதால்தான். பயத்தைப் பத்துக்கு மதிப்பிடச் சொல்லி, 3 அல்லது 4 உள்ளதை எடுங்கள். கூட்டத்துக்குப் போய் முழு நேரமும் கைபேசியைப் பார்த்திருந்தாலும் சோதனை வீண். "கைபேசி இருந்ததால் தப்பித்தேன்" என்றே மனம் கணக்கு வைக்கும். நண்பர் அழைப்பை எடுக்காமலும் போகலாம். அதற்கான வேறு காரணங்களை முன்கூட்டியே சேர்ந்து எழுதி வையுங்கள். குறைந்தது மூன்று பேரை அழைத்துப் பார்க்கும் வரை முடிவு வேண்டாம்.

[திரை: வாரங்கள் குறித்த நாட்காட்டி]

புதிய உறவுக்குக் காலம் பிடிக்கும் என்பதை எண்களாகவே காட்டுங்கள். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹாலின் ஆய்வு மதிப்பிடுகிறது. வாரம் 2 மணி நேரம் என்றால் 50 மணி நேரத்துக்கே 25 வாரம். மூன்றாவது வாரத்தில் "யாரும் ஒட்டவில்லை" என்று விலக நினைப்பவருக்கு இந்தக் கணக்கு பெரிய ஆறுதல். அதனால் வாரம் ஒரு புது இடம் தேடுவதைவிட, அதே நேரத்தில் அதே ஆட்கள் கூடும் ஒரே வகுப்பு அல்லது தன்னார்வப் பணி நல்லது.

[திரை: மீண்டும் இரண்டு நாற்காலிகள்]

வாரம் முழுவதற்கும் அவர் மனம்விட்டுப் பேசும் ஒரே ஆள் நீங்களாகவே இருக்கக்கூடும். அந்த அருமையான இடம் அவருக்கு வேலியாகவும் மாறலாம். உங்களிடம் சொன்னதில் ஒன்றை அடுத்த சந்திப்புக்குள் இன்னொருவரிடம் சொல்லிப் பார்க்கக் கேளுங்கள். எட்டு வாரம் கழித்து இரண்டு கேள்வித்தாளையும் மறுபடி கொடுங்கள். ஆட்கள் கூடியும் தனிமையுணர்வு குறையவில்லை என்றால், புது ஆள் தேடுவதை நிறுத்திவிட்டு, இருப்பவர்களிடம் அவர் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று விசாரியுங்கள்.