கல்யாண ஃபோட்டோகிராஃபியை முழுநேரத் தொழிலா எடுக்கப் போறீங்களா? முதல்ல வருஷக் கணக்கைப் போடுங்க

வணக்கம் மக்களே! எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஆடி மாசம், மண்டபமெல்லாம் காலியா கிடக்கு. கல்யாண ஃபோட்டோகிராஃபர் நிதானமா உக்காந்து பேச முடியுறது இப்பதான். அதனால ரொம்ப நாளா நீங்க கேட்டுட்டு இருக்கறத இன்னிக்குப் பேசிடுவோம். "அண்ணே, எனக்கு ஃபோட்டோகிராஃபின்னா உயிரு. வேலையை விட்டுட்டு இறங்கிடலாமா?"

இறங்கலாம். ஆனா ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு கிடைக்கும்னு மட்டும் பாத்துட்டு இறங்காதீங்க. ஒரு வருஷம் வீட்டை ஓட்ட எவ்வளவு வேணும், அதுல இருந்து ஆரம்பிங்க.

ஏன்னா நமக்கு வருஷம் முழுக்க சீசன் கிடையாது. ஆடி, புரட்டாசி, மார்கழில பெரும்பாலான வீட்டுல கல்யாணம் வைக்க மாட்டாங்க. மத்த மாசத்துலயும் நல்ல முகூர்த்தம்னா ஊர்ல எல்லா மண்டபத்துலயும் அதே நாள்தான். வைகாசில ஒரே தேதிக்கு நாலு பேர் கூப்பிடுவாங்க, நீங்க ஒரு இடத்துலதான் நிக்க முடியும்.

ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். ரிசப்ஷன், முகூர்த்தம் ரெண்டும் சேத்து 60,000 ரூபாய் வாங்குறீங்க, வருஷத்துக்கு 25 கல்யாணம். 15 லட்சம்! கேக்கவே நல்லா இருக்குல்ல? இப்ப செலவைக் கழிங்க. கூட வர்ற ரெண்டாவது ஃபோட்டோகிராஃபர், லைட் பிடிக்கிற தம்பி, ஆல்பம் பிரிண்ட், வண்டி வாடகை, எடிட்டிங்குக்கு ஆள். ஒரு கல்யாணத்துக்கு 30,000 சுலபமா போயிடும். மிச்சம் ஏழரை லட்சம். இதுல கேமரா, லென்ஸ் தேயறது, ஹார்டு டிஸ்க், இன்சூரன்ஸ், ஆபீஸ் வாடகைன்னு வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் போட்டா, கையில நிக்கறது 5 லட்சம். பன்னெண்டால வகுங்க, மாசம் 42,000 கூட வராது. 15 லட்சம் சம்பாதிக்கிறார்னு சொந்தக்காரங்க பேசிக்குவாங்க, அது வேற.

இதுக்கும் மேல ஏன் இந்த வேலையை விட முடியலன்னு கேப்பீங்க. தாலி கட்டுற நேரம் இருக்கே, அதுக்காகத்தான். கெட்டிமேளம்னு குரல் வந்த உடனே மேடையில இருக்கற அத்தனை பேரும் எந்திரிச்சுருவாங்க. அட்சதை பறக்குது, வீடியோ லைட் ஒரு பக்கம் மஞ்சளா அடிக்குது, மாப்பிள்ளையோட வெள்ளை வேட்டி ஒரு பக்கம் கண்ணைப் பறிக்குது. முன்னாடி நிக்கற மாமாவோட முழங்கை ஃபிரேமுக்குள்ள வருது. மாப்பிள்ளை முடிச்சுப் போட ஆரம்பிச்சு நாத்தனார் மீதி முடிச்சைப் போடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. திரும்ப ஒரு தடவை கட்டுங்கன்னு சொல்ல முடியுமா? அதனால அரை மணி நேரம் முன்னாடியே ஐயர்கிட்ட எந்தப் பக்கம் நிக்கலாம்னு கேட்டு வெச்சிருப்பேன், அந்த மாமாகிட்டயும் பேசி வெச்சிருப்பேன். வெள்ளை வேட்டி வெளுத்துப் போகாம இருக்க எக்ஸ்போஷரை, அதாவது படத்துல விழற வெளிச்சத்தை, குறைச்சு வெச்சுட்டு காத்திருப்பேன். அந்தப் பொண்ணு குனிஞ்ச தலையை லேசா தூக்கி தன் அம்மாவைப் பாக்கும் பாருங்க... அந்த ஒரு படம் கிடைச்சா போதும், மூணு ராத்திரி தூங்காதது தெரியாது.

இந்தச் சந்தோஷம் உண்மை. அதை வெச்சுத்தான் நம்மகிட்ட பேரமும் பேசறாங்க. "உனக்குத்தான் இது பிடிச்ச வேலையாச்சே தம்பி, கொஞ்சம் குறைச்சுக்கோ"ம்பாங்க. பிடிச்ச வேலைங்கறதால ஹார்டு டிஸ்க் கடைக்காரர் குறைச்சுத் தர்றாரா?

சரி, பணம் எங்க மாட்டுதுன்னா ஆல்பத்துல. "பேலன்ஸ் ஆல்பம் கொடுக்கும்போது வாங்கிக்கோங்க"ன்னு சொல்லுவாங்க. அப்புறம் ஆல்பத்துக்குப் படம் செலக்ட் பண்ணியே தர மாட்டாங்க. பொண்ணு மாப்பிள்ளை பெங்களூரு போயிருப்பாங்க, ரெண்டு அப்பாவும் "நீங்க அவங்ககிட்ட கேளுங்க"ம்பாங்க. ஒரு வீட்டுல குழந்தைக்குக் காதுகுத்துக்கே வந்துட்டாங்க, கல்யாண ஆல்பம் இன்னும் செலக்ட் ஆகல, என் பேலன்ஸும் வரல. அதனால இப்ப என் அக்ரிமென்ட்ல ஆல்பத்தைத் தனியா பிரிச்சுட்டேன். புக்கிங்குக்குப் பாதி. ரிசப்ஷன் அன்னிக்கு முழு ஷூட்டிங் தொகையும் முடிஞ்சிரணும். ஆல்பத்துக்குத் தனி ரேட்டு, படம் செலக்ட் பண்ணித் தந்த பிறகு அந்தக் காசு. இதை முதல் சந்திப்புலயே காபி குடிச்சுக்கிட்டே சொல்லிடுங்க, மேடையில போய் கேக்க வேண்டிய நிலைமை வரக் கூடாது.

கல்யாணத்தோட கம்பெனி விழாவும் எடுக்கறவங்க உத்யம் பதிவு பண்ணிடுங்க, அதாவது சின்ன தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆன்லைன்ல இலவசம், யாருக்கும் ஆயிரம் ரெண்டாயிரம் கொடுக்காதீங்க. 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளைக்குள்ள பணம் கொடுத்தாகணும், எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள். தாமதமானா வட்டி கேக்கலாம். வருமான வரியிலயும் அந்தக் கெடுவைத் தாண்டினா, பணம் கொடுக்குற வரைக்கும் அந்தக் கம்பெனி அதைச் செலவா கழிக்க முடியாது. அதனால பில்லுல உத்யம் நம்பரைப் போட்டுப் பாருங்க, அக்கவுன்ட்ஸ்ல இருந்து அவங்களே கூப்பிடுவாங்க. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம், அது ஞாபகத்துல இருக்கட்டும்.

இன்னொண்ணு. நீங்க எடுத்த படம் உங்களுதுன்னு நெனைச்சுட்டு இருப்பீங்க. 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 17-வது பிரிவுல, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன ஃபோட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லன்னா, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நாம இன்ஸ்டாகிராம்ல போடறதுக்கு அவங்க சம்மதம் எழுத்துல வேணும். அது நியாயம்தான், அது அவங்க வீட்டுப் பொண்ணோட முகம்.

கடைசியா, சொந்தக்காரங்க கல்யாணம். இதுல எனக்கு ஒரே கொள்கை. கூடப் பொறந்தவங்க, பெத்தவங்களோட கூடப் பொறந்தவங்க பிள்ளைங்கன்னா முழுசா இலவசம், அதுதான் என் மொய், வேற கவர் கிடையாது. மத்தவங்களுக்கு எல்லாருக்கும் சொல்ற ரேட்டுதான். பாதி ரேட்டு மட்டும் கிடையவே கிடையாது. பாதி ரேட்டுக்குப் போனா நமக்கும் மனசு ஆறாது, அவங்களும் "காசு வாங்கிட்டுத்தானே எடுத்தான்"னு சொல்லுவாங்க.

அந்த அக்ரிமென்ட்டை அடுத்த வீடியோல வரிவரியா காட்டறேன். எந்த வரியில சந்தேகம் வரும்னு இப்பவே எழுதி அனுப்புங்க. பாப்போம் மக்களே!