வேலி இல்லாத பூங்காவுக்குக் காவல் யார்?

(ராமநாதபுரம் கடற்கரையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நம் மாவட்டத்தின் பெரிய பூங்காவுக்குள் உங்களில் பலர் போயிருக்க மாட்டீர்கள். நினைத்தபோது போகவும் முடியாது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைத்தான் சொல்கிறேன். ராமேசுவரம் பக்கம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிய கடல், எல்லாம் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். 1986-இல் அறிவித்தார்கள். 1989-இல் இதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினார்கள்.

சட்டம் வந்தது நியாயம்தான். சுண்ணாம்புக் காளவாசலுக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. பாறை போனால் அலையைத் தாங்க என்ன இருக்கிறது? பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற 2 தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன.

ஆனால் 560 சதுர கிலோமீட்டர் கடலுக்கு யார் வேலி போடுவது? ரோந்துப் படகு ஒரு பக்கம் போனால் மறுபக்கம் காலியாகத்தான் இருக்கும். கரையில் இருக்கிறவர்கள் மனது வைத்தால்தான் காவல்.

வயல்காட்டில் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கண்மாய்த் தண்ணீரில் கலக்கும் பறவை எச்சம் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. சந்தோஷம். பெயர்ப்பலகையும் வந்துவிடும். கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டுமே, வரத்துக்கால்வாயைத் தூர்வாருவது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

தொண்டி பக்கம் காரங்காடு போனவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, நிறையப் பேர் இருக்கிறீர்கள். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். காடு நின்றால்தான் அந்த ஊருக்கு வருமானம். அதனால் அங்கே ஒருவன் மரத்தில் அரிவாள் வைத்தால் முதலில் சத்தம் போடப்போவது ஊர்க்காரர்கள்தான்.

தீவுப் பக்கம் அந்த ஏற்பாடு பாதியில் நிற்கிறது என்பது என் வருத்தம். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியை எடுப்பவர்கள். எந்தப் பாறை வெளுத்திருக்கிறது, எங்கே அறுந்த வலை சிக்கிக் கிடக்கிறது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். பூங்கா எல்லை வந்தபோது அதிகம் இழந்தவர்களும் அவர்கள்தான். அம்மாவும் பாட்டியும் முங்கிய இடத்தில் முங்கினால் அபராதம்.

“அவர்களை உள்ளே விட்டால் பாறை பிழைக்குமா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இரும்புச் சுரண்டியை விட்டுக் கையால் பறிப்பது, மாதத்தில் சில நாட்கள் மட்டும் கடலில் இறங்குவது என்று அந்தப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பவளக் கணக்கெடுப்புக்கும், கடலடி வலைகளை அகற்றும் பணிக்கும் இந்தப் பெண்களைச் சம்பளத்துக்கு எடுங்கள். தீவை ஒட்டிய எந்த இடத்தில், எந்த மாதத்தில் பாசி எடுக்கலாம் என்பதை வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். கூட்டத்தை அலுவலகத்தில் வைக்க வேண்டாம், கரையிலேயே வையுங்கள். அப்புறம், கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வையுங்கள்.