மூன்றே சுரம்: டூம் மெட்டல் பிறந்த கதை

நேயர்களுக்கு வணக்கம். மெட்டல் இசை என்றாலே வேகமும் கூச்சலும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். அதே குடும்பத்தில் பிறந்த டூம் மெட்டல் நேர் எதிர். கிதாரில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அது கரகரத்துத் தேயும்வரை அவசரப்படாமல் நிற்கும். அப்புறம்தான் அடுத்தது.

இதன் ஊற்று இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன். ஆலைகள் சூழ்ந்த பகுதி. அங்கே 1965-இல், தகடு வேலை செய்யும் ஓர் ஆலையில், 17 வயது கிதார் கலைஞர் டோனி அயோமியின் வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்தது. அவர் இடது கைப் பழக்கக்காரர். தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்தார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய தந்திகளைப் பூட்டி மறுபடி வாசித்தார். 1971-இல் வந்த, அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில், தந்திகளைத் தளர்த்திப் பல பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார்.

அந்த விபத்தாலும், அதன்பின் சுருதி இறங்கியதாலும்தான் டூம் பிறந்தது என்று பலர் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 1970 பிப்ரவரி 13 அன்று வந்த அக்குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். மழை, மணியோசை, பிறகு மூன்றே சுரம். சுருதி இறக்கவே இல்லை, ஆனாலும் முதுகு சில்லிடுகிறது. நம் கணக்கில் சொன்னால் ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். கல்யாணியில் நம்மை மயக்கும் அதே மத்யமம்தான்! அங்கே மற்ற சுரங்கள் சூழ வரும். இங்கே அதைத் தனியாக நிறுத்தி வெகுநேரம் அதிர விடுகிறார்கள். பயம் அந்த நிதானத்தில் இருக்கிறது.

எண்பதுகளில் மெட்டல் குழுக்கள் வேகத்தில் போட்டி போட்டபோது, லாஸ் ஏஞ்சலஸின் செயின்ட் வைட்டஸ் வீம்பாக மெதுவாகவே வாசித்தது. வேகத்தை விரும்பும் பங்க் ராக் ரசிகர்கள் நடுவில் அப்படி வாசிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். சுவீடனின் கேண்டில்மாஸ் 1986-இல் இதற்கு ஒரு காவியக் கம்பீரம் கொடுத்தது. அடுத்து வட இங்கிலாந்தின் மை டையிங் பிரைட் வயலினைச் சேர்த்தது. கலிபோர்னியாவின் ஸ்லீப் ஒரே பாட்டை ஒரு மணி நேரத்துக்கு இழுத்தது. அது எல்லோருக்கும் ஒத்துவராது, சரி.

புதிதாகக் கேட்பவர்கள் அந்த 1970 பாட்டிலிருந்து தொடங்கலாம். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். கீழ்ச்சுரங்கள் அதில் எடுபடாது. நல்ல ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.