வலி சொல்லாத உறுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். நோயாளிகளின் முகங்களைவிட அவர்களுடைய நெஞ்சின் உட்புறத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பல்லில் சிறு சொத்தை விழுந்தால் போதும், இரவெல்லாம் தூங்க விடாது. நுரையீரலுக்கு அந்தக் குணம் இல்லை. வலியை உணரும் நரம்புகள் அதைச் சுற்றியுள்ள உறையில்தான் இருக்கின்றன. உள்ளே வளரும் புற்றுநோய்க் கட்டி யாரையும் எழுப்புவதில்லை. இருமலில் ரத்தம், நெஞ்சுவலி, உடல் மெலிவு என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும்போது, பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்துவிட்டிருக்கும்.

அப்படியானால் முன்கூட்டியே தேடிப் பார்த்தால் ஆயிற்று என்று தோன்றும். 1970களில் எக்ஸ்ரேயையும் சளிப் பரிசோதனையையும் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் தேடியும் பார்த்தார்கள். கட்டிகள் கூடுதலாகக் கிடைத்தன, இறப்பு குறையவில்லை. இறக்கும் நாள் மாறாமல் நோய் தெரிந்த நாள் மட்டும் முன்னால் வந்தால், கவலைப்படும் காலம்தான் நீள்கிறது. ஆகவே எத்தனை கட்டிகளைக் கண்டுபிடித்தோம் என்பது எனக்குப் பெரிய கணக்கல்ல. எத்தனை இறப்புகள் குறைந்தன என்றுதான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு 2011இல் பதில் வந்தது. அமெரிக்காவில் நீண்டகாலம் புகைபிடித்த 53,000க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எக்ஸ்ரேயும் மறுபாதிக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனும் ஆண்டுக்கு ஒருமுறையாக மூன்று முறை எடுத்தார்கள். சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்தது. 2020இல் வெளிவந்த நெதர்லாந்து, பெல்ஜிய ஆய்விலும் ஆண்களிடம் 24 சதவீதம் குறைந்திருந்தது.

எக்ஸ்ரேயில் விலா எலும்பும் இதயமும் நுரையீரலின் மேல் நிழலாக விழுகின்றன. சி.டி.யோ அதை மெல்லிய சீவல்களாக அரிந்து காட்டுகிறது. படுத்து, சில நொடிகள் மூச்சைப் பிடித்தால் போதும், ஊசி கிடையாது. பிறகு இருட்டறையில் நான் ஒவ்வொரு சீவலாகத் தள்ளிக்கொண்டே போவேன். வெள்ளைப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் வரும். அடுத்தடுத்த சீவலிலும் நகர்ந்து, கிளைத்துத் தொடர்ந்தால் அது ரத்தக்குழாய். இரண்டு மூன்று சீவல்களில் தோன்றி, உருண்டு, சட்டென்று மறைந்தால் என் விரல் நின்றுவிடும். மிளகளவுதான் இருக்கும்.

அந்த மிளகு பெரும்பாலும் ஒன்றுமில்லாததே. எப்போதோ வந்து ஆறிய தொற்றின் தழும்பாக இருக்கலாம். அந்த அமெரிக்க ஆய்விலேயே சி.டி. எடுத்தவர்களில், சராசரியாக ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 24 பேருக்குச் சந்தேகத்துக்குரிய ஏதோ ஒன்று தென்பட்டது. அவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோய் அல்ல. இதை முன்னதாகவே சொல்லாமல் ஒருவரை ஸ்கேனுக்கு அனுப்புவது சரியல்ல என்பது என் கருத்து. அறிக்கையில் "சிறு முடிச்சு" என்று படித்த இரவு எவருக்கும் நீளமானது.

எனவே இது எல்லோருக்குமான சோதனையல்ல. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் 2021 பரிந்துரை, வயது 50 முதல் 80 வரை என்கிறது. நாளொன்றுக்கு 20 சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு, அல்லது அரை பாக்கெட் வீதம் 40 ஆண்டு புகைத்திருக்க வேண்டும். இன்னும் புகைப்பவராகவோ, விட்டு 15 ஆண்டுக்குள் இருப்பவராகவோ இருக்க வேண்டும். புகைக்காதவருக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆனால் மேலே சொன்ன எண்கள் அவர்களை வைத்துக் கணக்கிட்டவை அல்ல. வாரக்கணக்கில் விடாத இருமலோ, சளியில் ரத்தமோ உள்ளவர் யாராக இருந்தாலும் இந்த முன்கூட்டிய சோதனைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நீண்டகாலம் புகைத்தவர்கள் பலர் திட்டு விழுமே என்ற கூச்சத்தில் வருவதில்லை. ஸ்கேன் கருவி யாரையும் திட்டாது, நானும் திட்டுவதில்லை.

வருபவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால், அறிக்கையோடு நிறுத்தாமல் படங்களையும் கொண்டுவாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய படத்தில் அதே கெட்டியான முடிச்சு அதே அளவில் இருந்தால், பெரும்பாலும் அத்துடன் விஷயம் முடிந்துவிடும். அன்றைக்கு இல்லாதது இன்று இருந்தால், அடுத்த நோயாளியின் படத்தைத் திறப்பதற்கு முன் நான் தொலைபேசியை எடுப்பேன்.