சீமைக் கருவேலமும் வானம் பார்த்த பூமியின் வரவு செலவும்

அவைத் தலைவர் அவர்களே, உழவர் பெருமக்களே, வேளாண் கல்லூரி மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மரம் வளர்ப்பைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். மரம் பிடுங்குவதிலிருந்து நான் தொடங்குவதைப் பொறுத்தருள வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிச் சீமைகளில் காடு வளர்ப்பு என்ற பேச்சை யார் எடுத்தாலும் சீமைக் கருவேலத்தைக் கடக்காமல் அடுத்த சொல்லுக்குப் போக முடியாது. அந்த மரம் அங்கே வேரூன்றி நிற்பதற்கு மண்ணும் மழையும் ஓரளவுதான் காரணம். நிலத்தின் வரவு செலவுக் கணக்கே பெரிய காரணம் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தின் விதை, சென்னை மாகாண வனத்துறையின் முயற்சியால் 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து வந்து கடப்பைப் பகுதியின் வறண்ட நிலங்களில் ஊன்றப்பட்டது. விறகுப் பஞ்சம் தீர வேண்டும், வெற்று நிலம் பசுமையாக வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே, இன்று நாம் ஒழிக்க நினைக்கும் இந்தக் காடும் ஒரு காலத்தில் காடு வளர்ப்புத் திட்டமாகத்தான் தொடங்கியது. ஆடு மாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையை ஊரெங்கும் சேர்த்தன; வேலிக்கு வைத்த கருவை வயலுக்குள் புகுந்தது. காற்றின் ஈரத்தை எல்லாம் இது உறிஞ்சிவிடுகிறது என்று கைப்பேசிகளில் சுற்றும் செய்திக்குச் சான்று எதுவும் இல்லை. கண்மாயின் கொள்ளளவையும் மேய்ச்சல் புல்லையும் இது விழுங்கியிருப்பதே இதன் மேல் சுமத்தப் போதுமான குற்றம். பொய்க் குற்றம் வேறு தேவையில்லை.

ஆனால் இது பரவிய காலத்தில் நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தின் மழை, ஆண்டு முழுவதற்குமாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிப் பெய்து ஓய்ந்துவிடும். கண்மாய் தூர்ந்து, வரத்துக்கால் அடைபட்டு, கூலி உயர்ந்து, பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போன பிறகு, மானாவாரி நிலத்தில் நெல்லோ மிளகாயோ போட்டு மழை பொய்த்தால் விதைச் செலவுகூடத் திரும்பாது. அந்த நிலத்தில் விதைக்காமல், நீர் பாய்ச்சாமல், காவல் இல்லாமல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வெட்டுக்கு வந்து, ஊரில் இல்லாத பட்டாதாரருக்கும் கையில் காசு தருகிற விளைச்சல் ஒன்றே ஒன்றுதான். அவரைச் சோம்பேறி என்பது எளிது. அவருடைய கணக்கில் பிழை கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதன்று.

பட்டாதாரருக்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் போனால் கரிமூட்டத்தைப் பார்க்கலாம். வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண்ணால் மூடி, தீ வைத்த பிறகு பல நாள் இரவும் பகலும் ஆள் காத்திருக்க வேண்டும். புகையின் நிறத்தைப் பார்த்துத் துளையை அடைப்பதும் திறப்பதும்தான் தொழில் நுணுக்கம். ஒரு பக்கம் மண் சரிந்து காற்று புகுந்தால் கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். எடுத்த கரியில் தூர்க்கரிக்கு ஒரு விலை, குச்சிக்கரிக்கு ஒரு விலை, தூளுக்கு வேறு விலை. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வெட்டுக்கு வருகிற நிலமற்ற மக்களுக்கு மழையில்லாத மாதங்களில் இதுவே சோறு. புகையில் கண்ணும் நெஞ்சும் கெடுகிற வேலையை நான் புகழவில்லை. இதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறோம் என்பதே என் கேள்வி.

2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றும்படி கடுமையாக உத்தரவிட்டபோது அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. பிணை கேட்டு வந்தவர்களிடம் 100 மரங்களை வெட்டிவிட்டு வரும்படி நிபந்தனை விதித்த நீதிமன்றமும் அப்போது உண்டு. பொக்லைன் வாடகையைக் கொடுக்க முடியாத சிறு விவசாயி நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார். அதே ஆண்டில் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடையும் வந்தது. பிறகு 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அகற்றுதலையும் மீட்டெடுத்தலையும் ஒரே ஆவணத்தில் சேர்த்தது, என் பார்வையில், நல்ல முன்னேற்றம். அதே ஆண்டில் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், அப்போது 23.7 சதவீதமாக இருந்த வனம் மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக்க இலக்கு வைத்திருக்கிறது. இந்த இலக்கைக் காப்புக்காட்டுக்குள் மட்டும் எட்ட முடியாது. பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும்தான் பெரும்பகுதி மரங்கள் நட வேண்டியிருக்கும்.

பட்டா நிலத்துக்காரர் எதைப் பார்த்து நடுவார்? காகித ஆலைகள் கன்று கொடுத்து, விளைந்த மரத்தை வாங்கிக்கொள்ள ஒப்பந்தமும் போட்ட இடங்களில் சவுக்கை யாரும் வற்புறுத்தி நட வைக்கவில்லை. வேம்பும் புளியும் அப்படியல்ல. ஐந்து ஆண்டில் காசைக் காட்டாது. பனை பலனுக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நிற்கிற பனைகளைக் காக்க அவசியமானதே. ஆனால் நாளை அவசரத்துக்கு வெட்ட முடியாத மரத்தை இன்று ஏன் நட வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்க வேண்டும். நடுவதற்கு மானியம் கொடுக்கிறோம். மரம் வளர்ந்து பலன் தரும் வரையிலான ஆண்டுகளுக்குக் கொடுப்பது மிகக் குறைவு. கன்றுகள் காய்வது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

கண்மாய்ப் புறம்போக்கில் சிக்கல் வேறு விதமானது. மரத்தை ஏலம் எடுத்தவர் எடைக்குத்தான் விலை பார்ப்பார். தரைக்கு மேலே அறுத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த மழையில் அந்தத் தூரிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாகக் கிளை வெடிக்கும். எனவே ஏல நிபந்தனையிலேயே தூரோடு பெயர்த்தெடுப்பதைச் சேர்த்து, அதற்கு ஈடாக ஏலத் தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முளைத்து வரும் நாற்றுகளைத் தொடர்ந்து பிடுங்கும் வேலையை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கரிமூட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கே முதலில் கொடுக்கலாம். அவர்கள் அந்த மரத்தை வேர் வரைக்கும் அறிந்தவர்கள். ஒரே ஆண்டில் ஒரு மாவட்டத்தையே வழித்தெடுப்பதைவிட, முதலில் வரத்துக்கால், அடுத்து நீர்ப்பிடிப்பு, அதன்பின் மேய்ச்சல் நிலம் என்று கண்மாய் கண்மாயாகப் போனால், அவர்களுடைய பிழைப்பும் ஒரேயடியாக அறுபடாது. தண்ணீர் நிற்கத் தொடங்கிய பாசனப் பரப்பில் பட்டாதாரரின் கணக்கும் மாறத் தொடங்கும்.