பம்பு போச்சுன்னாங்க, போனது ஒரு சாண் ஓஸ்

வணக்கம் மக்களே. இருங்க, ஸ்டியரிங்க திருப்புறேன், கேளுங்க... ஊஊங்ங். ரைஸ் மில்லுக்குள்ள நிக்குற மாதிரி இல்ல?

போன வாரம் சந்தூர்ல இருந்து மாங்கா ஏத்திட்டு வந்தேன். ஹைவேல ஒண்ணும் தெரியல. கிருஷ்ணகிரி மண்டிக்குள்ள ரிவர்ஸ் எடுக்குறேன், ஸ்டியரிங் கல்லு மாதிரி. வண்டி மெதுவா போறப்ப திருப்புறதுலதானே பவர் ஸ்டியரிங்குக்கு வேலையே. ஒரு ஒர்க்‌ஷாப்ல பானெட்டக்கூட தொறக்கல, "பம்பு போச்சுண்ணா"ன்னுட்டாங்க. ஆயில அழுத்தித் தள்ளி ஸ்டியரிங்க லேசாக்குற பம்பத்தான் சொல்றாங்க. நானும் நம்பி ஒரு பழைய பம்புக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

இன்னைக்கு கழட்டலாம்னு ஸ்டியரிங் ஆயில் டப்பா மூடியத் தொறந்தா, இத பாருங்க. செவப்பா தெளிவா இருக்க வேண்டிய ஆயில், ரோஸ் மில்க் மாதிரி நுரைச்சுக் கெடக்குது. நுரைன்னா காத்து. அது எங்க புகுந்துச்சு? டப்பாவுல இருந்து பம்புக்குப் போற இந்த குட்டி ஓஸ்லதான். இதுல பம்பு உறிஞ்சும், தள்ளாது. அதனால வெடிப்பு விட்டா ஆயில் பெருசா ஒழுகாது, காத்துதான் உள்ள போகும். கிளிப்பு கடிச்ச இடத்த அழுத்துறேன்... தெரியுதா? குதிகால் வெடிப்பு மாதிரி. கீழ லேசா ஈரம், அவ்ளோதான்.

புது ஓஸ் மாட்டியாச்சு. ஆயில் ஓஸ்னே கேட்டு வாங்குங்க. ரேடியேட்டர் ஓஸ வெட்டிப் போட்டா ஆயில்ல ஊறி உப்பிடும். நான் ஒரு தடவ அந்தக் கூத்தையும் பண்ணிருக்கேன். ஆயிலும் மூடியில என்ன போட்டிருக்கோ அதான். என் வண்டிக்கு டெக்ஸ்ரான். அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயில் ஊத்திடாதீங்க, உள்ள இருக்குற சீலெல்லாம் போயிடும்.

இப்ப காத்து எடுக்கணும். முன்வீல் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டு வெச்சிருக்கேன். இன்ஜின் ஆஃப். இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி, மெதுவா, ஒரு 20 தடவ. தம்பி டப்பாவப் பாத்துக்கிட்டே இருக்கான், கொறையக் கொறைய ஊத்துறான். டேய், கைய எடுறா, கேமராவ மறைக்குற! ...காத்து முட்டை வர்றது நின்னுச்சு. ஸ்டார்ட் பண்றேன். கடைசில போய் 5 செகண்டுக்கு மேல அழுத்திப் புடிக்காதீங்க, பம்பு சூடாகிடும்.

முழுசா கரண்ட்டுல ஓடுற ஸ்டியரிங் வெச்சிருக்கவங்களுக்கு இந்த ஆயில் தொல்லையே கெடையாது, நீங்க சும்மா பாருங்க.

கேளுங்க... சத்தம் இருக்குதா? ஒரு விரல்ல திருப்புறேன்.

அந்த அட்வான்ஸ் 500 ரூபாய்தான் எப்படித் திருப்பிக் கேக்குறதுன்னு தெரியல. யாருக்காச்சும் பம்பு வேணுமா?